மீண்டும் சைக்கிளில் வேலைக்கு: எந்த வழியில் தொடங்குவது?

மடிப்பாக்கத்தில் உள்ள என் வீட்டிலிருந்து மயிலாப்பூர் அலுவலகத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அடைமழை நாட்களைத் தவிர்த்து, நான்கு ஆண்டுகள் அந்தத் தூரத்தைச் சைக்கிளிலேயே போய் வந்திருக்கிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தபோது, கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த என் சைக்கிள் இரண்டு நாட்கள் சேற்றுநீரில் கிடந்தது. வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவுவதிலும் நனைந்த பொருட்களைக் காயவைப்பதிலும் நாட்கள் கழிந்தன. இந்த வாரம் மட்டும் என்று நினைத்து ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த வாரம் ஓராண்டைத் தாண்டி நீண்டுவிட்டது.

சைக்கிள் மீதிருந்த விருப்பம் இந்த ஓராண்டில் ஒரு நாளும் குறையவில்லை. ஆனால், காலையில் சாவியைத் தேடும் கை ஸ்கூட்டர் சாவியைத்தான் எடுத்தது. இதே நிலையில் இருக்கும் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் புதிய சைக்கிள் வாங்கப் போவதாகச் சொல்கிறார். இன்னொருவர் மின்சைக்கிள்தான் விடை என்கிறார். மூன்றாமவர், திங்கட்கிழமை முதல் தினமும் ஓட்டியே தீருவேன் என்று பல திங்கட்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வழிகளையும், இவற்றைவிட அதிகம் பேசப்படாத வேறு சில வழிகளையும் சென்ற தை மாதத்தில் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். அவ்வாறு பார்த்ததில் எனக்குத் தெளிந்தவற்றை, இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், எதை அளவுகோலாக வைத்து எடைபோடுவது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விலையும் வேகமும் முக்கியமே. ஆயினும், விட்டுப்போன ஒரு பழக்கத்தை மீட்க நினைப்பவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முந்தைய இரவு சரியாகத் தூங்காத, மனம் கொஞ்சமும் ஒப்பாத ஒரு புதன்கிழமைக் காலையிலும் இந்த வழியைப் பின்பற்ற முடியுமா? உற்சாகமான நாளில் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். ஆகவே, அந்தப் புதன்கிழமையைக் கருத்தில் கொண்டே ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

அடுத்ததாக, பழக்கம் ஏன் விட்டுப்போனது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் தீர்வு எதுவும் கிடைக்காது. என் வகையில் மூன்று காரணங்கள் இருந்தன. சைக்கிள் ஓடும் நிலையில் இல்லை. பழகிய பாதை மாறிப்போயிருந்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வழித்தடம் திருமயிலை (மயிலாப்பூர்), மந்தைவெளி, அடையாறு, தரமணி வழியாகவும் இன்னொன்று மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகவும் அமைக்கப்பட்டு வந்ததால், என் பயணத்தின் இரு முனைகளிலும் சாலை குறுகி, தடுப்புகளின் ஓரமாகப் பேருந்துகளோடு ஒட்டிச் செல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது, ஓராண்டு ஓட்டாத உடம்பு. போவதற்குத் தெம்பு இருந்தாலும், மாலையில் அதே 14 கிலோமீட்டரைத் திரும்ப மிதிக்க வேண்டுமே என்ற நினைப்பு காலையிலேயே காலைக் கட்டிப்போட்டது.

இந்த மூன்றில் மிக எளிதாகத் தீரக்கூடியது முதலாவதுதான் என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். தெருமுனைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, கடைக்காரர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் தண்டுகளைப் பிடித்திருக்கும் காட்டர் பின்களைச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். துருவேறி இறுகியிருந்த ஒரு பின் இலேசில் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, சற்று நேரம் ஊறவைத்து, மறுபடி தட்டிய பிறகுதான் வெளியே வந்தது. அச்சைக் கழற்றியபோது, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து காவி நிறத்தில் குழம்பு போன்ற தண்ணீர் வடிந்தது. பின்சக்கரத்தையும் பிரித்தார். அதில் பக்கத்துக்கு 9 வீதம், கால் அங்குல எஃகுக் குண்டுகள் இருக்கும். கடைகளில் அவற்றைப் பால்ஸ் என்பார்கள். தகர மூடியில் கொட்டி, விரலால் உருட்டிக் காட்டினார். கண்ணாடி போல மின்ன வேண்டிய குண்டுகளில் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

"தண்ணி உள்ள பூந்திருக்கு சார். பால்ஸ் எல்லாம் மாத்திடறேன். அச்சு தப்பிச்சிடுச்சு, அது போதும்" என்றார்.

குண்டுகளும் கிரீஸும் மாற்றி, சக்கரங்களில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளும் செயினும் புதிதாகப் போட்டு, ஓவராயில் எனப்படும் முழுச் சீரமைப்பு வேலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அன்று மாலை அவ்வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்த பத்து நிமிடங்களில், ஓராண்டாக என் உடம்பின் மீது சுமத்தியிருந்த பழியில் பாதி அந்தப் பள்ளம் விழுந்த குண்டுகளுக்கு உரியது என்று விளங்கியது. வெள்ளம் வடிந்த புதிதில் இரண்டொரு முறை ஓட்டிப் பார்த்து, முன்போல மிதிக்க முடியவில்லையே என்று சோர்ந்து இறங்கியிருக்கிறேன். ஆகவே, வெள்ளத்தில் நனைந்த வண்டிதான் என்றில்லை, பல மாதங்கள் சும்மா நின்ற வண்டி எதுவாயினும், வேறு எந்த முடிவையும் எடுக்கும் முன் ஓவராயில் செய்துவிடுவதே முறை. டயரில் காற்றும் அப்படித்தான். டியூப்பில் காற்று தானாகவே மெல்ல இறங்கும். பாதிக் காற்றோடு மிதிப்பவருக்குச் சமதளமும் மேடாகத் தெரியும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு வாரம் ஒருமுறை காற்றடிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

புதிய கியர் சைக்கிள் வாங்குவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. 15,000 முதல் 30,000 ரூபாய் வரை செலவிட்டால், பழைய கனமான வண்டியைவிட எடை குறைந்த, பாலங்களில் கியரைக் குறைத்து எளிதாக ஏறக்கூடிய நல்ல சைக்கிள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும், பழக்கத்தை மீட்பதற்கான வழி என்ற முறையில் இதைக் கடைசியில்தான் வைப்பேன். புதுப்பொருளின் கவர்ச்சி சில வாரங்கள் நம்மை வெளியே இழுத்துச் செல்லும். பாதையும் நேரமும் தூரமும் மாறாமலே இருந்தால், கவர்ச்சி குறையும் நாளில் வண்டி மறுபடியும் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். மேலும், சென்னை பெரிதும் சமதளமான ஊர். ஆற்றுப் பாலங்களும் மேம்பாலங்களும் தவிர இங்கே ஏற்றம் அதிகம் இல்லை. சைக்கிளே இல்லாதவருக்குக்கூட, உடனே வாங்குவதைவிட, வீட்டிலோ உறவிலோ பிளஸ் ஒன் படித்த பிள்ளைக்கு அரசு வழங்கிய சைக்கிள் சும்மா நிற்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன். அதில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு, தமக்கு எந்த வகை வண்டி தேவை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மின்சைக்கிளின் நிலை வேறு. அது என் மூன்றாவது காரணத்துக்கு, அதாவது மாலை நேரத்துத் தயக்கத்துக்கு, நேரடியான மருந்து. சென்னையில் பிற்பகலில் எழும் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசுவதால், மயிலாப்பூரிலிருந்து தெற்கே திரும்புபவருக்கு அது எதிர்க்காற்று. அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது, முகத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்தக் காற்றே மார்பில் கைவைத்துத் தள்ளுவது போலவும் இருக்கும். நாள் முழுதும் வேலை பார்த்துவிட்டு வருபவருக்கு, மிதிக்கும்போது மோட்டார் கூடவே உந்தித் தரும் வண்டி அந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நண்பர் ஒருவரின் மின்சைக்கிளை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டியபோது அறிந்தேன். மோட்டாரின் திறனும் வேகமும் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற சட்ட வரம்புக்குள் இருக்கும் வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்பதும் ஒரு வசதி.

இருப்பினும், வாங்கும் முன் மூன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மின்சைக்கிள்கள் 20 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடையுள்ளவை. மின்தூக்கி இல்லாத குடியிருப்பில் இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு அந்த எடையே வண்டியை எடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடும். பேட்டரியைத் தனியே கழற்றி எடுத்துச்சென்று சார்ஜ் செய்ய முடியுமா, அல்லது வண்டியோடு சேர்ந்தே இருக்கிறதா என்பது அடுத்தது. கழற்ற முடியாத பேட்டரி, வெள்ளம் புகும் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்துவோருக்குப் பெரிய இடர். மூன்றாவது, சார்ஜ் தீர்ந்த பிறகு அதை மிதித்து வீடு சேர்வது கடினம். நம் தூரம் 28 கிலோமீட்டர் என்றால், விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பாமல், அதைவிடக் கணிசமாக அதிகம் ஓடும் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், போக வர 25 கிலோமீட்டருக்கு மேல் தினமும் செல்ல வேண்டியவர்களுக்கும், ரயில் வசதி இல்லாத தடத்தில் இருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் மின்சைக்கிளைப் பரிந்துரைப்பேன். எனக்கு ரயில் இருந்தது.

தூண்களின் மீது ஓடும் பறக்கும் ரயிலைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் அந்தத் தடம் 1997-இல் திருமயிலையையும் 2007-இல் வேளச்சேரியையும் எட்டியது. மடிப்பாக்கத்திலிருந்து கைவேலி வழியாக வேளச்சேரி நிலையம் மூன்று கிலோமீட்டர்தான். சைக்கிளில் 12 நிமிடம். அங்கே வண்டியைப் பூட்டி நிறுத்திவிட்டு ரயில் ஏறினால், பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் என்று ஊரின் நெரிசலுக்கு மேலாகவே ஓடி, 20 நிமிடம் அளவில் திருமயிலையில் இறக்கிவிடும். காத்திருப்பும் நடையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் ஒரு மணி நேரம் ஆகிறது. முழுத் தூரத்தையும் சைக்கிளில் போனாலும் எனக்கு 55 நிமிடம் தேவைப்படுவதால், நேரத்தில் இழப்பு ஏறக்குறைய இல்லை.

இந்த வழியின் உண்மையான பலன் அந்தப் புதன்கிழமைக் காலையில் தெரிகிறது. 14 கிலோமீட்டர் என்றால் மறுக்கும் மனம், 12 நிமிடம் என்றால் மறுப்பதற்குக் காரணம் தேடிக் களைத்துப்போகிறது. வியர்வையும் அவ்வளவாக இல்லை. மாற்றுச் சட்டை தேவைப்படவில்லை. மாலையில் எதிர்க்காற்றில் பாலம் ஏற வேண்டியதில்லை. மெட்ரோ பணிகளால் சாலை குறுகிய அடையாறும் மந்தைவெளியும் ரயிலின் கீழே கடந்துவிடுகின்றன. இந்த வழியின் குறைகள் இரண்டு. நிலையத்தில் நாள் முழுதும் நிற்கும் சைக்கிளுக்குத் திருட்டு அச்சம் உண்டு என்பதால், நல்ல கனமான சங்கிலிப் பூட்டும் விலை குறைந்த தோற்றமுடைய வண்டியும் வேண்டும். புதிய கியர் சைக்கிளுக்கு எதிராக நான் சொல்லும் இன்னொரு காரணம் இது. இரண்டாவது குறை, உடற்பயிற்சி குறைந்துபோவது.

அந்த இரண்டாவது குறையைக் கணக்கிட்டே பார்த்தேன். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிலையத்துக்கு மட்டும் போய்வந்தால் நாளொன்றுக்கு 24 நிமிடம், ஐந்து நாளைக்கு 120 நிமிடம். இலக்கில் சற்றே குறைகிறது. ஐந்து நாளும் முழுத் தூரம் ஓட்டினால் 550 நிமிடம். ஓராண்டு சும்மா இருந்த உடம்புக்கு முதல் வாரத்திலேயே அது அளவுக்கு மீறிய சுமை. பழைய பழக்கத்தை நினைத்துக்கொண்டு முதல் நாளே முழு அளவில் தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். இரண்டு நாள் முழுத் தூரமும் மூன்று நாள் ரயிலும் என்று கலந்தால் 220-உம் 72-உம் சேர்ந்து 292 நிமிடம் கிடைக்கிறது. பரிந்துரையின் மேல் எல்லையை ஒட்டி வருவதோடு, முழுத் தூர நாட்களுக்கு இடையில் உடம்புக்கு ஓய்வும் கிடைக்கிறது.

முழுத் தூர நாட்களுக்காகப் பாதையையும் மாற்றிக்கொண்டேன். முன்பு விஜயநகர் சந்திப்பிலிருந்து தரமணி இணைப்புச் சாலையைப் பிடித்து, மத்திய கைலாஷ் வழியாக சர்தார் பட்டேல் சாலையில் போவது வழக்கம். இப்போது டைடல் பூங்காவைக் கடந்ததும் இந்திரா நகர், கஸ்தூர்பா நகர், காந்தி நகர் உள்தெருக்களில் புகுந்து அடையாறு பாலத்தை அடைகிறேன். ஐந்து நிமிடம் கூடுகிறது. ஆனால், அந்தத் தெருக்களில் மரநிழல் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கோலம் போட்ட வாசல்களைப் பார்த்துக்கொண்டு, பின்னால் பேருந்தின் ஹாரன் இல்லாமல் மிதிக்க முடிகிறது. குறுக்கு வழியைவிட நிம்மதியான வழியே ஒருவரை மறுநாளும் அழைத்து வரும் என்பது என் அனுபவம். பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. வேலை நாளின் அவசரத்தில் புதுத்தெருவைத் தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

துணையோடு ஓட்டுவதைப் பற்றியும் யோசித்தேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் தந்த அந்த முயற்சியில், பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டிப் பழகினார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று தனியாளாகத் தயங்கியவர்களுக்குக் கூட்டமாகக் கற்றது எவ்வளவு பெரிய பலம் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. ஆயினும், அன்றாட வேலைப் பயணத்தில் இருவரின் வீடும் அலுவலகமும் நேரமும் ஒத்துவருவது அரிது. துணையை நம்பித் தொடங்கினால், அவர் வராத நாளில் நாமும் போகமாட்டோம். வேளச்சேரி வரை என்னோடு வரும் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கிறார், "அண்ணா, கிளம்பலாமா?" என்று அவர் கீழேயிருந்து குரல் கொடுக்கும் நாட்களை முழுத் தூர நாட்களாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுக்கு மேல் துணையை நம்பவில்லை.

எப்போது தொடங்குவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் தொடங்கினால், தொடங்கிய வாரமே விட நேரலாம். அக்கினி நட்சத்திர நாட்களும் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. தை, மாசி மாதங்களே சிறந்தவை; காலைக் குளிர்ச்சி உடம்புக்கு இதமாக இருக்கும், வெயில் ஏறுவதற்குள் ஓரிரு மாதப் பழக்கம் கைகூடிவிடும். தையில் ஆறரை மணியளவில் உதிக்கும் சூரியன் வைகாசியில் ஐந்தே முக்காலுக்கு முன்னரே வந்துவிடுவதால், புறப்படும் நேரத்தையும் அதற்கேற்ப முன்தள்ளிக்கொள்ளலாம். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுவது, அலுவலகத்தில் ஒரு துண்டும் சட்டையும் வைத்திருப்பது, போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் மின்விசிறியின் கீழ் ஆறிய பிறகே முகம் கழுவுவது ஆகிய மூன்றும் வியர்வைத் தொல்லையைப் பெருமளவு குறைத்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை நீண்ட கணக்கு தேவையில்லை. ஸ்கூட்டரில் நாளொன்றுக்கு 28 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டிய விலையில், ஓவராயில் செலவு இரண்டே மாதங்களில் திரும்பிவிடுகிறது.

ஆகவே, என் முடிவு இப்படி அமைந்தது: பழைய சைக்கிளைச் சீர்செய்து வைத்துக்கொள்வது, செவ்வாயும் வியாழனும் உள்தெருக்கள் வழியாக முழுத் தூரம் ஓட்டுவது, மற்ற மூன்று நாட்கள் வேளச்சேரி நிலையம் வரை ஓட்டிவிட்டு ரயில் ஏறுவது, மழை கொட்டும் நாளில் குற்றவுணர்வு இல்லாமல் பேருந்தில் போவது. ரயில் நிலையத்துக்கு அருகில் வீடோ அலுவலகமோ இல்லாதவர்கள் மூன்று நாள் பேருந்து, இரண்டு நாள் சைக்கிள் என்று தொடங்கி, இரண்டு மாதங்களுக்குப் பிறகும் மாலைப் பயணம் பாரமாகவே இருந்தால் மின்சைக்கிளை யோசிக்கலாம். எட்டுக் கிலோமீட்டருக்குள் அலுவலகம் உள்ளவர்களுக்கு இந்தக் கலப்பு எதுவும் தேவைப்படாது. ஓவராயிலும் நல்ல பாதையும் போதும்.

தையில் தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது நான்காவது மாதத்தில் இருக்கிறது. கத்திரி வெயில் தொடங்கியதும் முழுத் தூர நாட்களில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறேன். வரும் ஐப்பசிக்கு முன், சைக்கிளை நிறுத்துவதற்கு முதல் மாடி நடையோரத்தில் இடம் கேட்டிருக்கிறேன். குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொண்டால், சுவரில் மாட்டுவதற்கான இரும்புக் கொக்கியை அந்தச் சைக்கிள் கடைக்காரரே அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.